நடை ஏன் நிலைக்கவில்லை? பாம்பன் பக்கத்துச் சகோதரிக்கு

கடிதத்தில் நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்களுக்கு 46 வயது. கணவருக்கு 51, விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். இரண்டு வருடத்தில் மூன்று முறை காலை நடை ஆரம்பித்தீர்கள். முதல் முறை மீன்பிடித் தடைக்காலத்தில், அழகாகப் போனது, படகு கடலில் இறங்கியதும் நின்றது. இரண்டாவது முறை ஐப்பசி மழை கெடுத்தது. மூன்றாவது முறை மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. முப்பது வயதில் பத்து நாள் ராத்திரிச் சோற்றைக் குறைத்தால் இளைத்த உடம்பு இப்போது அசைய மாட்டேன் என்கிறது. இரவு 2 மணிக்கு வியர்த்து விழிப்பு வருகிறது. தீட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, வந்தால் அதிகமாகப் போகிறது. 'நடுவயதில் நல்ல பழக்கங்களை எப்படிக் கொண்டுவருவது' என்று தலைப்புப் போட்டிருந்தாலும், கடைசிக்கு முந்தைய வரியில் இருப்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்: உடம்பு மாறிவிட்டதா, இல்லை எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லையா? ஷூ பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது கடைசியில்.

உடம்பு மாறியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. கட்டுப்பாடு இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்று முறை எழுந்து போனவர் நீங்கள். ஆடுகிற படகில் இன்னொரு படகைக் கட்டியதுதான் பிழை என்று எனக்குப் படுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தக் கரையிலேயே 27 வருடம் ஓடிவிட்டது. முட்டி, தோள், இடுப்பு இவைதான் என் பிழைப்பு. டாக்டர் இல்லை. மாத்திரை, ஹார்மோன் என்று வரும் இடத்தில் பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு டாக்டரிடம் கைகாட்டி விடுவேன். எனக்கும் 54 ஆகிறது, நீங்கள் எழுதிய 2 மணி விழிப்பு எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

ஆரம்ப காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் அச்சடித்த தாள் ஒன்று கொடுப்பேன். காலை 5.45க்கு எழுவது, 6 முதல் 6.45 வரை நடை, 7 மணிக்கு என்ன சாப்பிடுவது என்று வரிசையாக இருக்கும். தோள்வலிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா ஒருநாள் பிரியமாக அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே என் தாள். '6 முதல் 6.45 வரை நடை' என்ற வரிக்கு மேலேயே நாலு நெத்திலி ஒட்டிக்கொண்டிருந்தது. "இதைச் செஞ்சு பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "அந்நேரம் கரையில ஏலம்ல நடக்கும்?" என்றார். கோபமெல்லாம் இல்லை, இதுகூடத் தெரியாதா என்ற ஆச்சரியம்தான். அன்றோடு தாள் கொடுப்பதை நிறுத்தினேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பழக்கம் பற்றிப் பேசுவதற்கு முன் ரத்தம் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். தீட்டு அதிகமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண், 44 வயது, 'வயசாயிடுச்சு, மூச்சு வாங்குது, காலைத் தூக்கி வைக்க முடியல, ஏதாவது எக்சர்சைஸ் சொல்லுங்க' என்று வந்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அவருக்கு நான் கொடுத்திருக்கக்கூடிய எந்தப் பயிற்சியும் பாவம்தான். ஆக, ஹீமோகுளோபின், வெறும் வயிற்றுச் சர்க்கரை, முடிந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்த அழுத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் எல்லையில் நிற்கிறீர்கள், 126 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்ய வேண்டிய சர்க்கரை நோய். ரத்த அழுத்தம் 140க்கு 90 என்பது கோடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் அழுத்தமும் காசில்லாமல் பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அங்கேயே உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாதவிடாய் முழுதாக நின்றது என்று சொல்ல, தொடர்ந்து 12 மாதம் வராமல் இருக்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் அது நடக்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்கள் உங்களுக்கு இப்போது இருப்பது போலத்தான் தாறுமாறாக இருக்கும். ஆனால் இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்லி அதிக ரத்தப்போக்கை ஒதுக்கிவிடக் கூடாது. 12 மாதம் நின்றபிறகு ஒரு சொட்டு பட்டாலும் மகப்பேறு டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். இந்த இரண்டிலும் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

உடம்பில் என்ன மாறுகிறது? உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். முப்பது வயதிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது எலும்பு கரைவது வேகமாகிறது. தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கெட்ட கொழுப்பு கூடுகிறது. இது எதுவுமே நீங்கள் சோம்பலாக இருந்ததால் வந்ததில்லை. இன்னொன்றும் உறுதி: தசைக்குப் பாரம் கொடுத்தால் 50இலும் வளரும், 70இலும் வளரும்.

சந்தேகமானது எது என்றால், 'நாற்பதுக்கு மேல் உடம்பு எரிக்கிறதே நின்னு போயிடும்' என்ற பேச்சு. 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வில் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்தார்கள். உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் எடை ஏன் ஏறுகிறது? தசை குறைந்ததா, தூக்கம் கெட்டதா, நடமாட்டம் குறைந்ததா, ஹார்மோனா என்று பங்கு பிரிப்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போகவில்லை. வயிற்றுக்கு இடம் மாறுவதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அதனால் எடை மெஷினை விட்டுவிட்டுத் தையல் டேப்பை எடுங்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, இது நம் நாட்டு உடம்புக்கு வைத்திருக்கும் கணக்கு. பத்து நாள் ராத்திரிச் சோற்றை நிறுத்தும் பழைய வைத்தியம் இனி வேண்டாம். பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். உங்களிடம் இப்போது மிச்சம் பிடிக்க வேண்டியதே அதுதான்.

பழக்கம் ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு புதுச் செயல், யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாக 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது மாதிரிச் சின்ன வேலை சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தது. நமக்கு வேண்டிய செய்தி இன்னும் இரண்டு அதில் இருக்கிறது. ஒருநாள் தவறினால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அப்புறம், அவர்கள் ஒவ்வொருவரும் புதுச் செயலை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டினார்கள்.

இப்போது உங்கள் முதல் முயற்சியை நினைத்துப் பாருங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கிட்டத்தட்ட பழக்கம் பிடிக்கும் தறுவாயில்தான் ஜூன் 15 வருகிறது. அன்று வீடே தலைகீழ். கடலுக்குப் போக டோக்கன், டீசல், ஐஸ், சாப்பாட்டுக் கேரியர். நீங்கள் நடையைக் கட்டியிருந்தது காலை 6 மணியில் இல்லை, கணவர் வீட்டில் இருக்கிற காலை 6 மணியில். அவர் போனதும் அந்தக் காலையும் சேர்ந்து போய்விட்டது. மழையும் மாமியாரும் செய்ததும் இதேதான். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே அச்சு. நமக்குப் போகிற நாள், வந்து இறங்குகிற நாள், கட்டிக் கிடக்கிற நாள் என்று ஒரே வாரத்தில் மூன்று அச்சு. அதுக்கு மேல் வாடைக்காற்று, நோன்பு மாதம், தவக்காலம், ராமேஸ்வரத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆடி அமாவாசைக் கூட்டம் வேறு.

அதனால் கடிகாரத்தை விடுங்கள். படகு போனாலும் போகாவிட்டாலும், மழை பெய்தாலும், மாமியார் வந்தாலும் உங்கள் வீட்டில் மாறாமல் நடப்பது எது? நான் கேட்டுப் பார்த்தவரை முக்கால்வாசிப் பேர் சொல்வது இரண்டு: உலை வைப்பது, கடைசியாகக் கதவைப் பூட்டுவது. உலை கொதித்து அரிசி வேகும் நேரம் எப்படியும் கால்மணி நேரத்துக்குக் குறையாது. குக்கர் என்றால் விசில் வரும் நேரம். அந்த நேரத்தில் நீங்கள் அடுப்படியை விட்டு நகரவும் முடியாது, பெரிய வேலை எதுவும் செய்யவும் முடியாது. கட்ட வேண்டிய இடம் அதுதான்.

கட்டுவதையும் மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள். படகு கட்டிக் கிடக்கிற நாளில் அடுப்படிப் பயிற்சியோடு 30, 40 நிமிட நடை. கடலுக்குப் போகிற நாளிலும் வருகிற நாளிலும் அடுப்படிப் பயிற்சி மட்டும், பத்து நிமிடம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற மாதிரி ஒரு நாள் வரும் பாருங்கள், ஆஸ்பத்திரி, சாவு, சண்டை, காய்ச்சல், அன்றைக்கு நாற்காலியிலிருந்து ஐந்தே ஐந்து முறை எழுந்து உட்காருவது. அரை நிமிடம்கூட ஆகாது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் டிக் போட வேண்டும், அதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். கூண்டு நாளை விட்ட நாளாக எழுதினால் மறுநாள் 'எல்லாம் போச்சு' என்று தோன்றும், நடை நான்காவது முறையாக நிற்கும். இது ஏமாற்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் முன்பு, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் செய்தால்தான் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் அசைய வேண்டும், 2 நாளாவது தசைக்குப் பாரம் தர வேண்டும். எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம். தினம் பத்தாயிரம் அடி என்ற கணக்கு 1960களில் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது, அதைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டாம்.

அடுப்படிப் பயிற்சி என்றால் என்ன என்று கேட்பீர்கள். கை வைக்காத நாற்காலி, பிளாஸ்டிக் என்றால் வழுக்காமல் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனிப்பக்கமாக உட்கார்ந்து, பாதம் இரண்டும் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் வரட்டும். கைகளை மார்பில் குறுக்கே கட்டுங்கள். மூக்கு பாதத்துக்கு நேராக வரும்வரை குனிந்து, மூச்சை விட்டபடி எழுந்து நில்லுங்கள். உட்காரும்போதுதான் கவனம் வேண்டும். பொத்தென்று விழக் கூடாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இறங்க வேண்டும். தசை வளர்வது அந்த இறக்கத்தில்தான் அதிகம் என்பேன், விழுந்து உட்காருகிறவர்களுக்குப் பாதிப் பலன் அங்கேயே போய்விடுகிறது. முட்டி வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முதல் நாளே 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணிக் காலண்டரின் பின்னால் எழுதி வையுங்கள். அந்த எண் பின்னால் வேண்டும்.

பத்து முறை சுலபமாகிவிட்டால் பாரம் ஏற்ற வேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் எல்லா வீட்டிலும் காலியாகக் கிடக்கும். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை லிட்டர் கூட்டுங்கள். ஜிம்மில் காசு கொடுத்துச் செய்வதும் இதேதான், என்ன, அங்கே இரும்பு. கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பதினைந்து. செய்யும்போது கொஞ்சம் வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. மறுநாள் முட்டி வீங்கினால் அளவு அதிகம், பாதியாக்குங்கள்.

'தண்ணிக் குடம் தூக்குறேன், வலை தட்டுறேன், எனக்கெதுக்கு இது' என்று நினைக்கலாம். பாசி எடுக்கும் பெண்கள் என்னிடம் இதைத்தான் கேட்பார்கள், விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்று. நியாயமான கேள்வி. நாள் முழுக்கச் செய்யும் கூலி வேலை, ஓய்வு நேரப் பயிற்சி அளவுக்கு இதயத்தைக் காப்பதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வேலை செய்கிறவர்கள் வறுமை, புகை, தூக்கமின்மை எல்லாவற்றோடும் வாழ்கிறார்கள், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று மறுப்பவர்களும் உண்டு. வழக்கு தீரவில்லை. என் கை தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்: அவர்கள் பிடியும் முதுகும் இரும்பு, இடுப்பின் பக்கவாட்டுத் தசை சொத்தை. குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைப்பவர்களுக்கும் அப்படித்தான். வேலை ஒரே இடத்தைத் தேய்க்கிறது, விட்ட இடத்தைப் பிடிக்கத்தான் பயிற்சி.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடை நின்றதற்குக் காரணம் சொல்லும்போது பெண்கள் மழை, வேலை, முட்டி என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டால் பலருக்கு வேறு காரணம் இருக்கும். வேகமாக நடந்தால், இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. துணி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தூரம் போவதில்லை, தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறார்கள், இந்த வெயிலில். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த வயதில் இது மிகவும் சகஜம். இதற்கு நல்ல ஆதாரமுள்ள பயிற்சி இருக்கிறது: காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குகிற மாதிரி அடித்தசையை உள்ளிழுத்து ஐந்து, ஆறு விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது 3 மாதம். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. கழிப்பறையில் சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். இதைக் கதவு பூட்டுவதோடு கட்டுங்கள், யாருக்கும் தெரியாது. ஏதோ கீழே இறங்குகிற மாதிரி இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். உங்களுக்கு இது இல்லையென்றால் நல்லது, பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. மீன் ஊரில் இருந்துகொண்டு புரதம் போதாமல் இருக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். காரணம் வறுமை மட்டும் இல்லை, பரிமாறும் வரிசை. நடுத்துண்டு கணவருக்கும் பையனுக்கும், கடைசியில் சட்டியைச் சாய்த்துக் குழம்பும் வால்துண்டும் உங்களுக்கு. 60 கிலோ எடைக்கு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6. சாளையும் சூடையும் போதும், சீலாவும் வஞ்சிரமும் தேவையில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, மீனில் ஒரு துண்டு கூட்டுங்கள், அந்தத் துண்டை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கருவாட்டை வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளோடு நிறுத்துங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. கருப்பட்டிக் காபி குடித்தால் சர்க்கரை வராது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்துக்குப் பெயர் தெரியாது. உளுந்தங்களி நல்ல சாப்பாடு, ஆனால் அது ஹார்மோனைச் சரிசெய்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது. கருப்பட்டியைக் குறைத்துப் போட்டு, பிடித்தால் சாப்பிடுங்கள்.

தூக்கம்தான் எனக்கும் கடினமான பாடம். வியர்த்து விழிப்பது ஹார்மோன் வேலை, மனக்கவலை அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பருத்திப் புடவை அல்லது நைட்டி, தலைமாட்டில் ஒரு ஈரத்துணி, மத்தியானம் 2 மணிக்குமேல் காபி, டீ இல்லை. கணவர் அதிகாலையில் கிளம்பும் நாளில் தூக்கம் உடைந்தால் மத்தியானம் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்க வேண்டாம். கடலில் ஆள் இருக்கிற ராத்திரியில் தூக்கம் வராது என்பது இந்த வயதின் வியாதி இல்லை, அதற்கு என்னிடம் பயிற்சி எதுவும் இல்லை. வாரக் கணக்கில் இரவு வியர்வை தூங்கவே விடவில்லையென்றால் டாக்டரிடம் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். இரவு வியர்வைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, அது தெளிவு. யாருக்குப் பொருந்தும் என்பதை மார்பகக் கட்டி, ரத்தம் உறைந்த வரலாறு, ரத்தப்போக்கு இதையெல்லாம் பார்த்து அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உங்கள் கணவரின் உடம்பைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள், 'வலைக்கண் தெரியவில்லை என்கிறார், தோள் தூக்க முடியவில்லை'. வலைக்கண் தெரியாதது வெள்ளெழுத்து, நாற்பதுக்குமேல் எல்லாருக்கும் வருவது, கண்ணாடி போட்டால் தீர்ந்தது. தோளை நான் அப்படி விட மாட்டேன். 40 முதல் 60 வயதுக்குள் தோள் இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. கயிறு இழுத்து இழுத்து வந்த வலி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்து, சர்க்கரை 280 என்று தெரிந்துகொண்டு போனவர்கள் உண்டு. நீங்கள் ரத்தம் பார்க்கப் போகும் நாளில் அவரையும் கூட்டிப் போங்கள், படகு கட்டிக் கிடக்கிற நாளாகப் பார்த்து. நடந்து வந்தால் நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இழுக்கும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல் என்று இருவரில் யாருக்கு வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

இந்த அளவெல்லாம் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஐந்து வருடத்தில் உங்கள் உடம்பு இன்னும் இரண்டு முறையாவது ஆட்டத்தை மாற்றும். ஜூன் 15 ஒரு முறை, டிசம்பர் பாதியில் ஒரு முறை, நாற்காலி எண்ணிக்கை, டேப், ரத்த அழுத்தம் மூன்றையும் எடுத்துப் பழைய எண்ணோடு வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் கேனில் தண்ணீரைக் கூட்டுங்கள். இறங்கியிருந்தால் உங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் ஹீமோகுளோபினையும் தூக்கத்தையும் பாருங்கள்.

ஷூ கேட்டீர்கள். தார் ரோட்டிலோ சிமெண்ட் தெருவிலோ நடப்பதானால் ஒரு சாதாரண ஷூ வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கட்டும், சாயந்திரம் போய் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் முழு அளவுக்கு வரும். பின்வார் வைத்த செருப்பும் போதும், ரப்பர் செருப்பு வேண்டாம். கடற்கரையில் நடப்பதானால் காய்ந்த மணலில் இறங்காதீர்கள், சமதரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி கேட்கும், உங்கள் குதிகால் இப்போது அதற்குத் தயாராக இல்லை. அலை நனைத்து இறுகிய ஈர மணலில் நடக்கலாம். அது சரிவாக இருக்குமே, போகும்போது ஒரு கால் தாழ்ந்திருந்தால் அதே வழியில் திரும்பி வாருங்கள், மறுகாலும் தாழ்ந்து கணக்கு நேராகிவிடும். சர்க்கரை இருப்பது தெரிந்தால் வெறுங்கால் கூடாது, சிப்பி கிழித்தது தெரியாமலே வீடு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.